தொங்குவது சதையா, தோலா? மேல்கையை இறுக்கும் அறுவை சிகிச்சை: ஓர் எளிய விளக்கம்

மதுரை வில்லாபுரத்தில் எங்கள் தெருமுனையில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவிடம் போன மாதம் சித்தியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஆவணியில் வீட்டில் ஒரு கல்யாணம், பட்டுப்புடவைக்கு ஜாக்கெட் தைக்க வேண்டும். சர்க்கரை வந்ததிலிருந்து நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடுமாக இருந்து, இரண்டு வருஷத்தில் 28 கிலோ இறக்கியவர் சித்தி. பழைய ஜாக்கெட் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டன. அக்கா டேப்பை மேல்கையில் சுற்றியபோது, அடியில் தொங்கும் மடிப்பைச் சேர்த்து அளப்பதா, விட்டு அளப்பதா என்று ஒரு கணம் தயங்கினார். சித்தி அதைக் கவனித்துவிட்டார்.

“அம்புட்டு எடை குறைச்சும் இந்த ஊளைச்சதை மட்டும் போக மாட்டேங்குது. ஜிம்முல சேந்தா கரைஞ்சிரும்ல?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். துணி வாங்க வந்திருந்த இன்னொரு அம்மா சட்டென்று பதில் சொன்னார்: “ஜிம்மெல்லாம் எதுக்கு? லேசர் வச்சு உறிஞ்சி எடுத்துருவாங்க. தழும்பே தெரியாது. காலையில போனா சாயந்திரம் வந்துரலாம்.”

ஜிம்மாலும் இது போகாது. தழும்பில்லாத லேசர் என்று ஒன்றும் இல்லை. இந்த இரண்டு நம்பிக்கைகளாலும் பணத்தையும் மாதக்கணக்கான உழைப்பையும் இழந்தவர்களை எனக்குத் தெரியும். அதனால் சித்திக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

சதை என்ற ஒரே சொல்

குழப்பம் நம் பேச்சிலேயே தொடங்குகிறது. “கை சதை தொங்குது” என்கிறோம். “அவனுக்கு நல்ல சதைப்பிடிப்பு” என்கிறோம். “சதை போட்டுட்டா” என்கிறோம். மூன்று இடத்திலும் சதை என்றால் வேறு வேறு பொருள். கையை மடக்கினால் கல்லாகும் தசை ஒன்று. அதற்கு மேலே மெத்தை போலக் கிடக்கும் கொழுப்பு ஒன்று. இரண்டையும் போர்த்தியிருக்கும் தோல் ஒன்று. உடற்பயிற்சி வளர்ப்பது தசையை. எடை குறைந்தால் குறைவது பெரும்பாலும் கொழுப்பு. தோல் இந்த இரண்டுக்கும் நேரடியாகக் கட்டுப்படுவதில்லை.

உங்களுக்கு எது தொங்குகிறது என்று வீட்டிலேயே ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். கையைப் பக்கவாட்டில் நீட்டி, அடியில் தொங்கும் மடிப்பை மறுகையின் இரண்டு விரலால் பிடியுங்கள். தடிமனாக, அழுத்தினால் பஞ்சு போல எதிர்த்தால், உள்ளே கொழுப்பு நிறைய இருக்கிறது. புடவை மடிப்பைப் பிடித்தது போல மெலிதாக வழுக்கினால் அது பெரும்பாலும் தோல். சித்தியின் கையில் நான் பிடித்துப் பார்த்தது இரண்டாவது வகை. கொழுப்பு போய்விட்டது, அதைச் சுற்றியிருந்த உறை மட்டும் மிச்சம்.

தோல் ஏன் திரும்பிச் சுருங்குவதில்லை

சித்திரைத் திருவிழாவில் பிள்ளைகளுக்கு வாங்கிவந்த பலூனை நான்கு நாள் கழித்துப் பாருங்கள். காற்றில் பாதி இறங்கியிருக்கும், ஆனால் பலூன் பழைய அளவுக்குத் திரும்பியிருக்காது. சுருக்கம் விழுந்து தொய்ந்து கிடக்கும். அன்றைக்கே காற்றை இறக்கியிருந்தால் ஓரளவு பழைய நிலைக்கு வந்திருக்கும். எவ்வளவு பெரிதாக, எவ்வளவு காலம் இழுபட்டிருந்தது என்பதுதான் கணக்கு.

நம் தோலிலும் ஏறத்தாழ இதுவே நடக்கிறது. தோலின் உள்ளடுக்கில் இரண்டு வகை நார்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று கொலாஜன். தோலுக்கு உறுதி தரும் புரத நார் அது, பாவாடை நாடா மாதிரி. இழுத்தால் தாங்கும், ஆனால் நீளாது. இன்னொன்று எலாஸ்டின். இழுத்துவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்ப வைக்கும் நார், இடுப்பு எலாஸ்டிக் மாதிரி. இந்த எலாஸ்டினைப் பற்றி ஒரு விஷயம் அவசியம் தெரிந்திருக்க வேண்டும். உடல் இதைப் பெரும்பாலும் வளரும் வயதிலேயே செய்து முடித்துவிடுகிறது. பெரியவர்களான பிறகு அறுந்துபோன எலாஸ்டினுக்கு ஈடாக நல்லபடி புதிதாக நெய்வது மிகக் குறைவு. கொலாஜன் உற்பத்தியும் வயதாக ஆகக் குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு அது இன்னும் வேகமாகக் குறைகிறது. வெயிலும் புகையிலையும் இரண்டு நாரையும் சிதைக்கின்றன.

இருபத்தைந்து வயதுப் பெண் பத்துக் கிலோ குறைத்தால் கை தானாக இறுகிவிடுவதும், ஐம்பத்திரண்டு வயதில் சித்தி 28 கிலோ குறைத்தும் தோல் தொங்குவதும் இதனால்தான். சித்தி எதையும் தவறாகச் செய்யவில்லை. அவ்வளவு எடை குறைத்ததற்கு உடல் விட்டுவைத்த அடையாளம் அது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: தசை, கொழுப்பு, தோல் மூன்றும் வேறு. எடை குறைந்தபின் தொங்குவது பெரும்பாலும் தோல். வயது கூடக்கூட அது தானாக இறுகும் வாய்ப்பு குறைவு.

பயிற்சியும் க்ரீமும் எதுவரை

போடி பக்கத்து இலவம்பஞ்சில் தைத்த பழைய தலையணையை நினைத்துக்கொள்ளுங்கள். பஞ்சு அமுங்கிவிட்டால் உறை தொய்யும். இரண்டு வழி உண்டு: இன்னும் கொஞ்சம் பஞ்சு அடைக்கலாம், அல்லது உறையைப் பிடித்துத் தைக்கலாம். மேல்கையின் பின்பக்கத் தசையை, ஜிம்மில் ட்ரைசெப்ஸ் என்பார்களே, அதைப் பயிற்சியால் வளர்ப்பது பஞ்சு அடைப்பது போன்றது. தொய்வு கொஞ்சமாக இருந்தால் அதுவே போதும். எலும்புக்கும் சர்க்கரைக்கும் நல்லது என்பதால் எப்படியும் செய்யலாம். ஆனால் உறை நிறையத் தொய்ந்திருந்தால், அதை நிரப்பும் அளவுக்கு யாராலும் தசை வளர்க்க முடியாது. கைக்குப் பயிற்சி செய்தால் கைக் கொழுப்பு மட்டும் கரையும் என்பதும் சரியில்லை. கொழுப்பு எந்த இடத்திலிருந்து முதலில் குறைய வேண்டும் என்பதை உடல்தான் தீர்மானிக்கிறது.

க்ரீமும் எண்ணெயும் தோலின் மேற்பரப்பை மென்மையாக்கும், அவ்வளவுதான். தோலுக்குள் சூடு செலுத்திக் கொலாஜனைத் தூண்டும் மெஷின்கள் இருக்கின்றன. லேசான தொய்வுக்குச் சிறிய பலன் தரும். கையில் பிடிக்கிற அளவுக்குத் தோல் தொங்கினால் அவற்றால் ஆகாது.

உறிஞ்சி எடுப்பது என்றால்

கடையில் அந்த அம்மா சொன்னது லைப்போசக்ஷன். தோலில் சின்னத் துளையிட்டு, மரத்துப்போகும் மருந்தும் ரத்தக்குழாயைச் சுருக்கும் மருந்தும் கலந்த உப்புநீரை உள்ளே ஏற்றி, மெல்லிய குழாயால் கொழுப்பை உறிஞ்சி எடுப்பது. நல்ல சிகிச்சைதான். கையில் கொழுப்பு அதிகமாக இருந்து, தோலும் இறுக்கமாக இருந்தால் இது ஒன்றே போதும், தழும்பும் புள்ளி அளவில் நிற்கும். ஆனால் தோல் ஏற்கெனவே தொய்ந்த கையில் இதை மட்டும் செய்தால், தொளதொள தலையணையிலிருந்து இன்னும் பஞ்சை உருவியது போல ஆகிவிடும். முன்பைவிட அதிகமாகத் தொங்கும். கொழுப்பும் தொய்ந்த தோலும் கலந்து இருப்பவர்களுக்கு, உறிஞ்சுவதையும் தோலை வெட்டித் தைப்பதையும் ஒரே நேரத்தில் செய்வதும் உண்டு.

தையல்காரர் கை பிடிப்பது போல

இப்போது அந்த அறுவை சிகிச்சைக்கே வருவோம். பெயர் பிராக்கியோபிளாஸ்டி. கிரேக்கத்தில் பிராக்கியோன் என்றால் மேல்கை, பிளாஸ்டி என்றால் வடிவம் கொடுப்பது. அதிகப்படியான தோலையும் அதன் அடியில் உள்ள கொழுப்பையும் வெட்டி எடுத்து, மீதியை இழுத்துத் தைப்பதுதான் இது.

அன்றைக்குக் கடையில் அக்கா பழைய ஜாக்கெட் ஒன்றின் கையை உள்பக்கம் திருப்பிக் காட்டினார். அக்குளிலிருந்து கீழே வரும் நேர்த் தையல், அதற்குப் பக்கத்தில் சாக்பீஸில் இழுத்த புதுக் கோடு. “தொளதொளப்பை எல்லாம் அடிப்பக்கமா கொண்டாந்து இந்தக் கோட்டுல பிடிச்சிரணும். கையை இறக்கிப் போட்டா வெளியே தெரியாது” என்றார். சிகிச்சையின் அடிப்படையும் இதேதான். அறுவை மருத்துவர், மயக்கம் கொடுப்பதற்கு முன்பே நோயாளியை நிற்கவைத்து, கைகளைப் பக்கவாட்டில் தூக்கச் சொல்லி, பேனாவால் கோடு போடுகிறார். படுத்தால் தோல் வேறு பக்கம் சரிந்துவிடும் என்பதால்தான் நிற்கவைத்துப் போடுகிறார்கள். வெட்டும் பகுதி நடுவில் அகலமாகவும் இரு முனையிலும் கூர்மையாகவும், மீன் வடிவில் இருக்கும். ஜாக்கெட்டில் டாட் பிடிப்பவர்களுக்கு, அதாவது துணியை முனை கூராக மடித்துத் தைப்பவர்களுக்கு, இதன் காரணம் சொல்லாமலே புரியும். முனையைக் கூர்மையாக முடிக்காவிட்டால் அந்த இடத்தில் துணி மூக்கு மாதிரித் துருத்திக்கொண்டு நிற்கும்.

ஜாக்கெட்டுக்கு உள்ளே லைனிங் துணி வைப்பதும் இதைப் புரிந்துகொள்ள உதவுகிறது. இழுப்பை லைனிங் தாங்கினால் மேலே உள்ள பட்டு விரிசல் விடாது. தோலுக்கு அடியில், கொழுப்புக்கு நடுவே ஓடும் உறுதியான படலம் ஒன்று இருக்கிறது, ஃபேஷியா என்பார்கள். இழுத்துப் பிடிக்கும் பலமான தையலை இந்தப் படலத்தில் போடுகிறார்கள். அதன்பின் தோலின் உள்ளடுக்கு, கடைசியில் மேலே மெல்லிய தையல். பாரம் எல்லாம் அடியில் இருப்பதால் மேல் தையல் இழுபடாது, தழும்பு அகலமாக விரியும் வாய்ப்பும் குறைகிறது.

உவமை ஓர் இடத்தில் உடைகிறது. அக்கா அதிகத் துணியை வெட்ட மாட்டார், உள்ளே மடித்து விடுவார். நாளைக்கு உடம்பு வைத்தால் பிரித்துக்கொள்ளலாம். வெட்டிய தோலை அப்படித் திரும்பப் பெற முடியாது. அளவுக்கு மேல் வெட்டிவிட்டால் மூட முடியாமல் போகும், அல்லது கை இறுகி ரத்த ஓட்டம் தடைபடும். சிகிச்சை நடக்கும்போதே கை வீங்கும் என்பதால், பல மருத்துவர்கள் கோடு போட்டதை அப்படியே ஒரேயடியாக வெட்டுவதில்லை. கொஞ்சம் வெட்டி, அந்த இடத்தை மூடிவிட்டு, அடுத்த பகுதிக்குப் போவார்கள்.

இன்னொரு கவனம்: மேல்கையின் உள்பக்கத்தில், முன்கைத் தோலுக்கு உணர்ச்சி தரும் நரம்பு ஒன்று பெரிய ரத்தநாளத்தோடு சேர்ந்தே ஓடுகிறது. முழங்கையை நோக்கி வரும்போது அது ஆழத்திலிருந்து மேலே வந்துவிடும். அங்கே ஆழமாக வெட்டினால் முன்கையின் உள்பக்கம் மரத்துப்போகும். அந்த இடத்தில் கொஞ்சம் கொழுப்பை வேண்டுமென்றே விட்டுவைப்பது இதற்காகத்தான்.

முழு மயக்கத்தில், இரண்டிலிருந்து மூன்று மணி நேரம் பிடிக்கும். தொய்வு அக்குள் பக்கத்தில் மட்டும் என்றால் அங்கேயே சிறிதாக முடித்துவிடுவதும் உண்டு. நிறைய எடை குறைத்தவர்களுக்குத் தொய்வு மார்பின் பக்கவாட்டு வரை நீளும், அப்போது வெட்டும் அதுவரை போகும்.

சுருக்கமாக: உறிஞ்சுவது பஞ்சைக் குறைக்கிறது, இது உறையைக் குறைக்கிறது. உறையைக் குறைத்தால் அங்கே ஒரு தையல் இருக்கத்தான் செய்யும்.

தழும்பைப் பற்றி

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். தழும்பில்லாமல் தோலைக் குறைக்க வழி கிடையாது. தொய்வைக் கொடுத்துவிட்டு அதற்குப் பதிலாக ஒரு நீளத் தழும்பை வாங்கிக்கொள்கிறீர்கள். அந்தப் பண்டமாற்று உங்களுக்குச் சரிப்படுமா என்பதுதான் முடிவு செய்ய வேண்டிய கேள்வி.

எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட தோழி ஒருத்தி, பிறகு கைக்கும் இதைச் செய்துகொண்டாள். மூன்றாவது மாதம் அவளைப் பார்த்தேன். அக்குளில் தொடங்கி முழங்கைக்கு இரண்டு விரல் மேலே வரை, கறுஞ்சிவப்பில், சாக்கு தைத்த சணல் தையல் போல மேடு தட்டி இருந்தது. “முடிஞ்சதும் இப்படி ஆகும்னு யாருமே சொல்லலடி” என்று அழுதாள். அவள் போன இடத்தில் காட்டியது ஆறிப்போன ஒரே ஒரு கையின் போட்டோவை. ஒன்றரை வருஷம் கழித்து அதே தழும்பு தட்டையாகி, ஈர்க்குச்சி அகலத்தில், அவள் நிறத்தைவிட ஒரு பங்கு கறுத்து நின்றது. இப்போது அவள் அரைக்கை ஜாக்கெட் போடுகிறாள். கையைத் தூக்கினால் கோடு தெரியும், அவள் அதற்குக் கவலைப்படுவதில்லை. அந்த முதல் சில மாதங்களின் அழுகையைத் தவிர்த்திருக்கலாம். வேண்டியிருந்தது உண்மையைச் சொல்ல ஒருவர், அவ்வளவுதான்.

தழும்பு அப்படித்தான் ஆறும். முதல் சில வாரம் மெல்லிய கோடாக நம்பிக்கை தரும். இரண்டாம், மூன்றாம் மாதத்தில் தடித்துக் கறுக்கும். 12 முதல் 18 மாதம் ஆகி அடங்கும். மருத்துவர் சொன்னபின் சிலிக்கான் ஜெல்லோ பட்டையோ போடுவது உதவும், வெயில் படாமல் காப்பதும் முக்கியம். கோட்டைக் கையின் உள்பக்கம் வைத்தால் முன்னால் இருந்து பார்க்கும்போது மறையும். பின்பக்கம் வைத்தால் நம் கண்ணில் படாது, பின்னால் வருபவர் கண்ணில் படும். அக்குளைக் கடக்கும் இடத்தில் நேர்கோடாக விட்டால் தழும்பு சுருங்கும்போது கையைத் தூக்க விடாமல் இழுக்கும். அதனால் அங்கே வளைத்தோ, இசட் எழுத்துப் போல மடக்கியோ தைப்பார்கள்.

நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்குக் கீலாய்டு வரும் வாய்ப்பு வெள்ளைத் தோலினரைவிட அதிகம். காயத்தின் எல்லையையும் தாண்டி வளரும் தடித்த தழும்புக்கு அந்தப் பெயர். காது குத்திய இடத்திலோ, சிசேரியன் தையலிலோ, அம்மைத் தழும்பிலோ உங்களுக்குக் கட்டி மாதிரி வளர்ந்திருந்தால், முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

சாயந்திரமோ மறுநாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் மறுநாளே அடுப்படிக்குப் போக முடியாது. முதல் ஒரு வாரம், பத்து நாள் சடை பின்னக்கூட யாராவது வேண்டும். கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது என்பதால் கொடியில் துணி காயப்போடுவதும் நின்றுவிடும். தண்ணீர்க் குடம், கிரைண்டர் கல், பேரப்பிள்ளை, எதையும் நான்கிலிருந்து ஆறு வாரம் தூக்கக் கூடாது. அதே காலம் முழுக்க இறுக்கமான அழுத்த உறையைக் கையில் போட்டிருக்க வேண்டும். மதுரை வெயிலில், அதுவும் அக்னி நட்சத்திரத்தில், அந்த உறைக்குள் அக்குள் நசநசவென்று வியர்த்தால் புண் ஆறத் தாமதமாகும். நாள் குறிக்கும் வசதி நம் கையில் இருந்தால் கார்த்திகை, மார்கழி நல்லது.

அக்குள் பக்கத்தில் தையல் கொஞ்சம் பிரிவது அடிக்கடி நடப்பது, பெரும்பாலும் கட்டுப் போட்டே ஆறிவிடும். தோலுக்கடியில் நீர் கோத்துக்கொள்வதும் உண்டு, ஊசியால் எடுத்துவிடுவார்கள். காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, சீழ், ஒரு கை மட்டும் திடீரென்று பெரிதாக வீங்குவது, மூச்சுத் திணறல், இவற்றில் எது வந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

யார் பொறுத்திருக்க வேண்டும்

இன்னும் எடை குறைத்துக்கொண்டிருப்பவர்கள் முதலில் குறைத்து முடிக்கட்டும். எடை ஆறு மாதமாவது ஒரே இடத்தில் நிற்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. அளவு கட்டுக்குள் வர வேண்டும், இல்லாவிட்டால் புண் ஆறாது. பீடி, சிகரெட் மட்டுமில்லாமல் வெற்றிலையோடு போடும் புகையிலையையும் குறைந்தது நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். நிகோட்டின் எந்த வழியில் உள்ளே போனாலும் தோலுக்குப் போகும் மெல்லிய ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும், தாங்களாக நிறுத்தக் கூடாது. மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்தவர்களுக்கு அந்தக் கை நிரந்தரமாக வீங்கிவிடும் ஆபத்து இருப்பதால், பொதுவாக அந்தப் பக்கம் இதைச் செய்வதில்லை.

செய்யாமலே இருந்துவிடுவதும் முழுக்க நியாயமான முடிவு. தொங்கும் தோல் நோயில்லை. மடிப்புக்குள் வியர்த்துப் புண்ணாகி, அரித்து, தூக்கம் கெடுகிறவர்களுக்கு விஷயம் வேறு.

யாரிடம் போவது

பிளாஸ்டிக் சர்ஜரி என்றதும் உள்ளே பிளாஸ்டிக் வைப்பார்கள் என்று இன்னமும் பலர் நம்புகிறார்கள். முதல் முழுச் செயற்கை பிளாஸ்டிக்கான பேக்லைட் உருவானது 1907-ல். ஜெர்மன் மருத்துவர் கார்ல் ஃபெர்டினாண்ட் வான் கிராஃபெ மூக்கைச் சீரமைக்கும் சிகிச்சைக்கு பிளாஸ்டிக் என்ற சொல்லைப் பயன்படுத்தியது அதற்கும் வெகு முன்னால், 1818-ல். நம் பெரியாஸ்பத்திரியில், அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனையில் இருக்கும் பிளாஸ்டிக் சர்ஜரி துறை தீக்காயத்துக்கும் விபத்துக்கும் பார்ப்பதும் இந்த வடிவம் கொடுக்கும் கலைதான்.

பொது அறுவை சிகிச்சை படித்து, அதற்கு மேல் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.ஹெச். அல்லது அதற்கு இணையான டிஆர்.என்.பி. (முன்பு டி.என்.பி.) முடித்தவரா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். மயக்க மருத்துவர் உடன் இருப்பாரா, மூன்றாம் மாதத் தழும்பின் போட்டோ இருக்கிறதா என்றும் கேளுங்கள். அழகுக்காகச் செய்யும் சிகிச்சையை இன்சூரன்ஸ் பாலிசிகள் பொதுவாக ஏற்பதில்லை. விபத்து, தீக்காயம், புற்றுநோய் போன்ற காரணங்களால் செய்ய வேண்டியிருந்தால்தான் ஏற்பார்கள்.

சித்தி மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தார். ஹெச்.பி.ஏ.1.சி. எட்டரை. ஏழரைக்குக் கீழே கொண்டுவந்துவிட்டு, எடை நின்றபின் மார்கழியில் வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். போனில் வேறொரு பெண்ணின் மூன்றாம் மாதக் கையையும் காட்டினார்களாம், முகம் தெரியாமல். “பாத்தேன், பயமாத்தான் இருக்கு. யோசிச்சுச் சொல்றேன்னுட்டு வந்தேன்” என்றார். கல்யாண ஜாக்கெட்டுக்கு முழங்கை வரை கை வைக்கச் சொல்லிவிட்டார். மடிப்பையும் சேர்த்தே அக்கா அளந்துகொண்டார்.